பத்தும் எண்பதும்

வேலை முடிந்து வந்த சக்தி, ஷூவைக் கழற்றிவிட்டு நாற்காலியில் சாய்ந்தான்.

“ஹெல்த் எவ்ளோங்க?” சமையலறையிலிருந்து அருணா கேட்டாள்.

இருவருக்கும் ஓசூரில் வெவ்வேறு கம்பெனி. செல்போன் கேமில் வருவதுபோல், நூற்றுக்கு எவ்வளவு தெம்பு மிச்சம் என்று தினமும் சொல்ல வேண்டும். குறைந்தவர் உட்காரலாம், மற்றவர் சமைக்க வேண்டும். கல்யாணமான புதிதில் அவள் போட்ட சட்டம்.

“பத்து. உனக்கு?”

“எண்பது. நீங்க உக்காருங்க.”

அவன் கேமைத் திறந்தான். வெகுநேரமாகியும் தாளிக்கும் வாசனை வரவில்லை.

“எண்பது வெச்சுக்கிட்டு ஒரு வெங்காயத்துக்கு இவ்ளோ நேரமா?”

அப்போது அருணாவோடு வேலை செய்யும் அடுத்த வீட்டுப் பொற்கொடி எட்டிப் பார்த்தாள்.

“ஏன்டி, மிஷின் கிழிச்சு நாலு தையல் போட்ட கையோட சமையலா? அசைக்கக் கூடாதுன்னாங்கல்ல!”

சக்தி எழுந்து ஓடினான். துப்பட்டாவால் மூடியிருந்த இடது கையில் பெரிய கட்டு.

“நெசமா எவ்ளோ அருணா?”

“அஞ்சு இருக்கும். நீங்க பத்துன்னு சொன்னப்புறம் நான் எப்படிங்க சொல்றது?”

அவன் கத்தியைப் பிடுங்கிக்கொண்டான்.

“குடுங்க, உங்களுக்கே பத்துதானே இருக்குது?”

சக்தி குனிந்து வெங்காயத்தை நறுக்கத் தொடங்கினான். தன் கம்பெனியில் மெஷின் ரிப்பேர் என்று மதியத்திலிருந்து கேன்டீனில் உட்கார்ந்து அவன் கேம்தான் ஆடியிருந்தான்.