விற்காத படம்

கொலராடோவின் பழைய மலைரயில் படக் காப்பகம். விற்காத படங்களின் பெட்டியைத் திறந்தான் கர்டிஸ். மேலே கிளம்பும்போது எடுத்த படத்தை, இறங்கி வந்ததும் பயணிகள் வாங்கிப்போவது அந்த ரயிலின் வழக்கம்.

கைத்தடியோடு வந்திருந்த ஆர்லீன் சட்டென்று ஒன்றை உருவினாள். "இதேதான். என் புருஷன் க்ளைட்."

"அவர் தோள்ல சாஞ்சிருக்கிறது நீங்கதானே! அப்பவும் அழகுதான் மேடம். ஏன் வாங்காம விட்டீங்க?"

"எங்கேர்ந்து வாங்க? மனுஷன் ரயிலே வேணாம்னு மலையிலேர்ந்து நடந்தே இறங்கிட்டாரு."

"நீங்களும் கூடவே நடந்தீங்களா?"

"நான் எதுக்குப்பா நடக்கணும்? அன்னிக்கு எனக்கு லீவுன்னு நெனச்சு, பல்லைக் காட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு. வண்டி கிளம்பினதும், கேமராவோட கறுப்புத் துணிக்குள்ளேர்ந்து தலையை வெளியே நீட்டினேன்."