பொதுச் சுவர்

"இன்னா சத்தம்டா இது, நீயே கேளு" என்று வேலம்மாள் செல்போனைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்தாள். கோலார் தங்க வயலின் அந்த லைன் வீடுகளில் இரண்டு குடும்பத்துக்கு ஒரே சுவர். அந்தப் பக்கத்து டிவியில் யாரோ ஒரு மாமியார் மருமகளை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தது பெங்களூரில் இருந்த மகன் பரத்துக்கு நன்றாகவே கேட்டது.

"காலையில நியூஸு, மத்தியானம் பாட்டு, சாயங்காலம் ஆனா இந்த சீரியலு. மனுசி ஊட்ல இருக்க வாணாமா?"

"நான் வந்து பேசறேம்மா" என்றான் பரத், வழக்கம்போல.

பக்கத்து வீட்டு ஏனோக் சுரங்கத்தில் பாறைக்கு வெடி வைத்துக்கொண்டிருந்தவர். மனைவி போன பிறகு, தங்க வயலிலேயே இருக்கும் பாலகாட் சுரங்கப் பக்கத்திலிருந்து இங்கே குடிவந்தார். வாசலில் பார்த்தால் ஒரு தலையசைப்பு, அதோடு சரி. வேலம்மாளும் புருஷனை இழந்தவள். தனியாக இருக்கும் ஆம்பிளையிடம் போய் என்ன பேசுவது என்று ஒதுங்கியே இருந்தாள்.

அவளுடைய டிவி ரிப்பேருக்குப் போன மறுநாளிலிருந்துதான் இந்தக் கூத்து. பரத் அதை ஆட்டோவில் ஏற்றியபோது ஏனோக் வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கடைக்காரன் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தடிக்க, இந்த மனுஷன் வேண்டுமென்றே வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறார் என்று அவளுக்குக் கோபம்.

ஆனால் மகனிடம் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அவள் வீடே நடந்தது. நியூஸ் ஆரம்பித்தால் டீக்கு அடுப்பைப் பற்றவைப்பாள். சீரியல் மாமியார் வாயைத் திறந்தால், வெங்காயம் நறுக்கிக்கொண்டே, "நீ மட்டும் ரொம்ப ஒழுங்கோ?" என்று இங்கிருந்தே கேட்பாள். காமெடி வந்துவிட்டால் மாவுக் கையோடு சுவரில் சாய்ந்துகொண்டு, முகம் தெரியாத ஆட்களின் ஜோக்குக்குக் கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள்.

போனில் மகனிடம் பேசவும் அந்தப் புகாரை விட்டால் அவளிடம் வேறு என்ன இருந்தது?

ஞாயிற்றுக்கிழமை பரத் வந்தான். "வுடுடா, வயசானவரு" என்று கடைசி நேரத்தில் அவள் தடுத்துப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. கிளம்பிப் போகும்போது பக்கத்து வாசலில் நின்று பேசிவிட்டு, ரயிலில் இருந்து போன் செய்தான்.

"சொல்லிட்டேம்மா. எதுவும் பேசல, என் மூஞ்சியவே பாத்துட்டு தலைய ஆட்டினாரு. இனிமே நிம்மதியா இரு."

மறுநாள் சத்தம் வரவில்லை. தகரக் கூரை வெயிலில் நெளியும் சத்தமும், அவள் கரண்டி பாத்திரத்தில் இடிபடும் சத்தமும்தான். டீ போட மறந்துபோனாள். சாயங்காலம் வெங்காயம் நறுக்கினாள். பதில் சொல்ல யாரும் இல்லை.

"இப்ப தொந்தரவு இல்லியே?" என்று பரத் கேட்டான்.

"இல்ல."

"வேற இன்னாமா?"

"ஒண்ணும் இல்லடா."

போன் சீக்கிரமே முடிந்துவிட்டது. வேலம்மாள் சுவரில் காதை வைத்துக் கேட்டாள். ஒரு இருமல் கேட்டது. ஆள் நன்றாகத்தான் இருக்கிறார் என்று ஆறுதலாக இருந்தது. அப்படியென்றால் கோபம்தான்.

வாரக் கடைசிவரை பொறுத்துப் பார்த்தாள். அதற்குமேல் முடியவில்லை. கத்தரிக்காய்க் குழம்பு ஒரு கிண்ணத்தில் ஊற்றி எடுத்துக்கொண்டு பக்கத்து வாசலில் போய் நின்றாள்.

கதவு திறந்தே இருந்தது. ஏனோக் முதுகைக் காட்டியபடி உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா" என்றாள். திரும்பவில்லை. "அண்ணா, நான் பக்கத்தூட்டு வேலம்மா." காய் உரிவதுகூட நிற்கவில்லை.

அவள் முகம் சுண்டிவிட்டது. இவ்வளவு கோபமா? திரும்பிப் போய்விடலாம் என்று நினைத்தவள், கிண்ணத்தையாவது வைத்துவிடலாம் என்று உள்ளே காலெடுத்து வைத்தாள். அவள் நிழல் அவரைக்காய் முறத்தின்மேல் விழுந்ததும் ஏனோக் திடுக்கிட்டு எழுந்தார்.

"வாம்மா, வாம்மா. எப்ப வந்தே?"

"பையன் ஏதோ சொல்லிட்டான். மனசுல வெச்சிக்காதிங்கண்ணா."

அவர் பார்வை அவள் வாயிலேயே நின்றது. சோற்றுப் பருக்கை ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்று வேலம்மாள் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அவரு சொன்னது நாயந்தாம்மா. தொந்தரவுன்னு எனக்கு தெரியாம போச்சி."

"எனக்கு ஒரு தொந்தரவும் இல்ல. நீங்க டிவி போடுங்க. சத்தமே இல்லாம நீங்களும் எப்பிடி பொழுத ஓட்டுவீங்க?"

ஏனோக் சிரித்தார். விரலால் காதைத் தொட்டுக் காட்டினார்.

"மைன்ல வெடி வெச்சி வெச்சி ரெண்டும் எப்பவோ போச்சிமா. நீ பேசறதகூட வாயப் பாத்துதான் புரிஞ்சிக்கறேன்."

வேலம்மாள் கிண்ணத்தை வைக்க இடம் தேடித் திரும்பினாள். டிவி, எதிரே ஒரு நாற்காலிகூட இல்லாமல், அவள் சமையலறைச் சுவரோடு முதுகை ஒட்டி வைக்கப்பட்டிருந்தது.

"அப்போ... யாருக்குண்ணா அவ்ளோ சத்தம்?"

அவர் கூச்சத்தோடு தலையைச் சொறிந்தார்.

"எவ்ளோ வெச்சா உங்க ஊட்டுக்கு கேக்கும்னு தெரியலம்மா."