எச்சரிக்கை வரிகள்

"அந்த வரிகளை எடுத்துடும்மா. சாயங்காலத்துக்குள்ள புரோகிராம் எச்சரிக்கையே இல்லாம பில்ட் ஆகி, பச்சை காட்டணும்."

"முடியாது சார்."

டீம் லீடர் நாற்காலியை விட்டு எழுந்தார். யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். இன்று மூடிய அறைக்குள் கண்ணாடிச் சுவர் அதிரக் கத்தினார்.

"நாளைக்கு மருந்து ஏத்துற மிஷின் ஆஸ்பத்திரிக்குப் போகுது! இந்த நேரத்துல எச்சரிக்கையா கொட்டவிட்டு பில்டை நிறுத்தி வெச்சிருக்க. உன்னை வேலைக்கு எடுத்தது யாரு?"

அவளுக்குச் சுருக்கென்றது. வீட்டில் முதல் பட்டதாரி அவள். இங்கிலீஷ் திக்குகிறது என்று படியேறிய கம்பெனியெல்லாம் கைவிரித்தபோது, "நீ எழுதுற கோடு திக்காம ஓடுதில்ல, போதும்" என்று எடுத்துக்கொண்டவர் இவர்தான். தினமும் கையெடுத்துக் கும்பிடலாம். அதற்காக இதற்குத் தலையாட்ட முடியுமா? வேலை நிரந்தரமாக இவர் கையெழுத்துதான் வேண்டும். போனால் போகட்டும்.

"நீங்கதான் சார். சாகுறவரைக்கும் மறக்க மாட்டேன். ஆனா எடுக்க மாட்டேன்."

"நேத்துவரைக்கும் ஒரு எச்சரிக்கையும் வரலையே?"

"எப்படி வரும்? நாம எழுதுற கோடை மிஷின் பாஷைக்கு மாத்துற கம்பைலர்கிட்ட, தப்பு இருந்தா எச்சரிக்கணும்னு முதல்ல சொல்லணுமில்ல? நம்ம கம்ப்யூட்டர்ல இருக்கற கம்பைலருக்கு ஒரு பேர்ல சொல்லணும், மிஷினுக்கு எழுதுற கம்பைலருக்கு வேற பேர்ல சொல்லணும். நாம ரெண்டுக்கும் ஒரே பேரைக் குடுத்தோம். மிஷின் கம்பைலர் புரியாம கம்முனு இருந்துச்சு. நாம தப்பே இல்லைன்னு கைதட்டிக்கிட்டோம். இப்ப எது எந்தக் கம்பைலர்னு பாத்து, அததுக்குப் புரியுற மாதிரி அந்த வரிகளை எழுதியிருக்கேன். வாயைத் திறந்துடுச்சு."

"திறந்து என்ன சொல்லுது? புரியுற மாதிரி சொல்லு."

இவருக்குத் தெரியாததா? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அலுவலகத்தில் அவளுக்குச் சும்மாவா 'தீப்பெட்டி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்?

"மருந்தோட அளவை, மெமரியில எதுவும் போட்டு வைக்காத இடத்துலேர்ந்து மிஷின் எடுக்குது சார். அங்க என்ன குப்பை கிடக்கோ, அதுதான் அளவு. சொட்டுச் சொட்டா ஏற வேண்டியது மொத்தமா ஏறும்."

"என்னது? இன்னொரு தடவை சொல்லு."

"ஆள் செத்துப்போவாங்க சார்!"

"முதலாளி அனுப்பியே ஆகணும்ங்கறாரே?"

"அப்ப முதல்ல அவர் கையில மாட்டிக்கச் சொல்லுங்க. மாட்டிக்கிட்டார்னா நானே அந்த வரிகளை எடுத்துடறேன்!"

மேசைமேல் கிடந்த காகிதக் கட்டுக்கு அடியிலிருந்து முதலாளியின் குரல் வந்தது. "நாளைக்கு எதுவும் போக வேண்டாம். சரி பண்ணிட்டு அனுப்புங்க."

டீம் லீடர் காகிதங்களை விலக்கி, அழைப்பில் இருந்த செல்ஃபோனை அணைத்துவிட்டுத் தொப்பென்று உட்கார்ந்தார். வழக்கமான சன்னக் குரல் திரும்பியிருந்தது. "காலையிலேர்ந்து நானும் இதையேதான் அவர்கிட்ட சொன்னேன், காதுலயே வாங்கலை. எனக்கு நிஜமாக் கோவப்பட வராதும்மா... ரொம்ப நன்றி."