தண்ணீர்க் கட்சி

காலையில் பாத்திரத் தொட்டி காலியாக இருந்ததைப் பார்த்ததுமே அவளுக்குச் சந்தேகம் தட்டியது.

இரவு போட்டுவைத்த குக்கர், தட்டுகள், அடிப்பிடித்த பால் பாத்திரம் எல்லாம் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. கணவன் சீட்டியடித்துக்கொண்டே சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். தொட்டிப் பக்கம் தலைவைத்தும் படுக்காதவன் அவன்.

ஜெயிக்கப்போகிற திமிர், வேறென்ன. தோற்கப்போகிறவளுக்கு ஆறுதல் பரிசு.

இருவருக்கும் ஒரே ஆய்வுக்கூடம், அடுத்தடுத்த மேசை. நான்கு வருடமாக அவள் கட்டிக்கொண்டு மாரடிக்கும் நொதி, ஒரு மூலக்கூறோடு ஓர் ஆக்சிஜன் அணுவை ஒட்டவைக்கிறது. அந்த ஆக்சிஜனை அது எங்கிருந்து எடுக்கிறது?

தண்ணீரிலிருந்து என்றாள் அவள். காற்றிலிருந்து என்றான் அவன். சாப்பிடும்போதும் அதே சண்டை. இருவருமே தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். கடைசியில் பந்தயம் கட்டினார்கள்: தோற்பவர் ஒரு வருடம் பாத்திரம் கழுவ வேண்டும்.

அவன் தோற்றால் பாத்திரத்தோடு போயிற்று. அவள் தோற்றால் ஆராய்ச்சியையே முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அதனால்தான் சாதாரணத்தைவிட இரண்டு அலகு கனமான ஆக்சிஜன் கொண்ட தண்ணீரை வரவழைத்து, அதில் நொதியை வேலை செய்ய விட்டிருந்தாள். கூட்டத்தில் தொலையாமலிருக்கப் பிள்ளைக்குச் சிவப்புச் சட்டை மாட்டி அனுப்புவது மாதிரிதான். விளைந்த மூலக்கூறின் எடை இரண்டு கூடியிருந்தால், ஆக்சிஜன் தண்ணீரிலிருந்து வந்தது. கூடவில்லையென்றால் காற்று.

மூலக்கூறுகளை எடைபோடும் இயந்திரத்தின் பொறுப்பாளரை எல்லோரும் ‘தராசண்ணன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். நேற்று மதியமே, விளைந்ததை இரண்டு குழாய்களில் பிரித்து அவரிடம் கொடுத்திருந்தாள். இன்றுதான் அவளுடைய முறை.

இயந்திரத்தின் திரையில் கோடு தரையோடு தரையாக ஊர்ந்தது. பயத்தில் அவள் எதிர்க்கட்சிக்காரனின் கையையே பிடித்துக்கொண்டாள். பாத்திர சோப்பின் எலுமிச்சை வாசனை அதில் இன்னும் போகவில்லை.

வழக்கமான எடைக்குரிய இடத்தில் ஒன்றுமில்லை. இரண்டு தள்ளி, ஜிவ்வென்று ஒரு கோடு எழுந்தது.

அவள் போட்ட கூச்சலில் பக்கத்து அறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள்.

தோற்றவன் முகத்தில் ஈயாடாது என்று நினைத்து ஆசையாகத் திரும்பினாள். அவனோ எல்லாப் பற்களையும் காட்டிக்கொண்டு கைதட்டினான்.

தராசண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நேத்து சாயந்திரம் மெஷின் சும்மா இருந்துச்சுன்னு முதல் குழாயை ஓட்டிப் பார்த்தேன். அதுலயும் இதேதாம்மா வந்துச்சு. உன் வீட்டுக்காரர்தான், வாயத் திறக்காதீங்க, அவளே கண்ணால பார்க்கட்டும்னுட்டார்.”

அவளுக்குக் காலியான தொட்டி நினைவுக்கு வந்தது.

ஒரு வருடத்தில் முதல் நாளை அவன் ஏற்கெனவே கழித்துவிட்டிருந்தான்.