பார்டர் இல்லாத புடவை

“இதையே கவர்ல போட்டுக் குடுத்துடுங்க” என்றார் வந்தவர்.

ஆனந்தராஜால் தன் காதையே நம்ப முடியவில்லை. பெரியவர் புடவையைப் பிரிக்கச் சொல்லவில்லை, வெளிச்சத்தில் காட்டச் சொல்லவில்லை, விலையைக் கேட்டும் முகம் சுளிக்கவில்லை. காஞ்சிபுரத்தில் இப்படி ஒருவர் பட்டு எடுத்ததாகச் சரித்திரமே இல்லை.

கல்லாவில் இருந்த சத்யப்ரியா கணவனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் வைத்த கெடு இன்று சாயந்தரத்தோடு முடிகிறது. கடை திறந்த இந்தப் பதினோரு மாதத்தில் ஒரே ஒரு புடவையாவது, யாராவது ஒருவர் பிடித்து வாங்கியாக வேண்டும். இல்லாவிட்டால் வாலாஜாபாத்தில் அவள் தம்பி சந்தோஷ்குமார் நடத்தும் அரிசி மில்லுக்கு ஆனந்தராஜ் நாளையே வேலைக்குப் போக வேண்டும்.

இருபத்து மூன்று வருடம் ஓர் உரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவன் ஆனந்தராஜ். நாற்பத்தெட்டாம் வயதில், சென்னையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயிலரங்கில், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் அவனுக்குள் உறங்கிக்கொண்டிருந்த கலைஞனைத் தட்டி எழுப்பிவிட்டார்கள். திங்கட்கிழமை ராஜினாமா. செவ்வாய்க்கிழமையிலிருந்து தாடி.

எழுந்த கலைஞன் முதல் வேலையாக பார்டரை ஒழித்தான். அப்புறம் சரிகையை. சாம்பல் நிறத்தில் ஒரு புடவைக்கு டிசைன் போட்டு ‘மௌனம்’ என்று பேர் வைத்தான்.

“பார்டர் இல்லாம எவ சார் கட்டுவா?” என்று கேட்டார் தறிக்காரர் தர்மன்.

“புரியறவங்க கட்டுவாங்க” என்றான்.

புரிந்தவர் யாரும் இதுவரை வரவில்லை. மச்சினி அபிநயா சும்மா கொடுத்ததைத் தட்ட முடியாமல் எடுத்துப்போன ஒன்று, அவள் வீட்டு ஜன்னலில் திரைச்சீலையாகத் தொங்குகிறது.

இன்று வந்துவிட்டார் ஒருவர். கூரத்துக்காரர், பேர் துரைக்கண்ணு, காலில் இன்னும் வயல் சேறு காயவில்லை.

“யாருக்குங்கய்யா எடுக்கறீங்க?”

“தங்கச்சிக்குபா. திருமுக்கூடல்ல குடுத்திருக்குது. பொறந்த வூட்லேர்ந்து பட்டுதான் போவணும். அதுல மட்டும் கொறை வெக்கக்கூடாது.”

“இத்தனை கடை இருக்குது. அதையெல்லாம் தாண்டி இங்க வந்தீங்க பாருங்க!” ஆனந்தராஜ் தாடியை நீவிக்கொண்டான்.

“அங்கெல்லாம் ஒரே கூட்டம்பா. இங்கதான் ஆளே இல்ல.”

கலைஞன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சத்யப்ரியாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை.

“பெரியவரே, முந்தானையிலயும் ஒண்ணும் இருக்காது, பாத்துக்குங்க. நாளைக்கு மாத்தணும்னு வந்துடப்போறீங்க.”

“மாத்தறதுக்கெல்லாம் வரமாட்டம்மா.”

“பிளவுஸ் துணி கூடவே இருக்குது. பக்கத்துல டெய்லர் இருக்காரு, ஒரு மணி நேரத்துல...”

“வாணாம்மா. நாலு மணிக்குள்ள போயாவணும்.”

பையை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார். போயிட்டு வரேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அழகுக்கு முன்னால் மனிதனுக்குப் பேச்சு எழாது என்று பயிலரங்கில் சொன்னது ஆனந்தராஜின் நினைவுக்கு வந்தது.

“பாத்தியா சத்யா? சேத்துல நிக்கற மனுஷன். ஒரே பார்வைல புடிச்சிட்டாரு!”

“பாத்தேங்க. எனக்குத்தான் ஒண்ணும் புரியல” என்றாள். ஆனாலும் கண் கலங்கியிருந்தது. புருஷனை நம்புவதற்கு அவளுக்கும் இத்தனை நாளாக ஆசைதான். ஒரு சாக்குதான் கிடைக்கவில்லை.

அவன் போனை எடுத்தான்.

“சந்தோஷு, அந்த மில்லு வேலைக்கு நீ வேற ஆளைப் போட்டுக்கோ.”

“நெசமாவா மாமா? காலைலேர்ந்து ஒருத்தன் எதிர்ல குந்திக்கினு இருக்கறான். அவனுக்குக் குடுத்துட்டா அப்புறம் நீங்க கேட்டாலும் என் கையில இல்ல.”

“கேக்க மாட்டேன்டா. நான் குமாஸ்தா இல்ல. கலைஞன்.”

“அக்கா என்னா சொல்லுது?”

ஆனந்தராஜ் கேள்வியோடு பார்க்க, சத்யப்ரியா ஒரு கணம் தயங்கினாள். பிறகு தலையாட்டினாள்.

“அக்காவும் சரின்னுட்டா.”

“அப்ப சரி மாமா. இவனுக்கே சாவியைக் குடுத்துடறேன்.”

போனை வைத்த பிறகுதான் மேஜைமேல் இருந்த அட்டை கண்ணில் பட்டது. ஒவ்வொரு புடவையோடும் கொடுப்பதற்கென்று ஆனந்தராஜ் ஐந்நூறு அச்சடித்து வைத்திருந்தான். ‘இதை நீங்கள் உடுத்தவில்லை; இது உங்களை உடுத்துகிறது’ என்று தங்க எழுத்தில் இருக்கும். கீழே அவன் கையெழுத்து. அட்டைக் கட்டைப் பிரிக்கும் பாக்கியம் இன்றுதான் வாய்த்தது.

அட்டையை எடுத்துக்கொண்டு தெருவில் ஓடினான். எதிர்ப் பூக்கடையில் வாங்கிய பெரிய பொட்டலத்தோடு ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார் துரைக்கண்ணு.

“ஐயா, ஐயா! இதை மறந்துட்டீங்க. உங்க தங்கச்சி கையிலயே குடுங்க. படிச்சிட்டுத்தான் அவங்க பொடவையக் கட்டணும்!”

துரைக்கண்ணு அட்டையைப் பார்த்தார். தாடியைப் பார்த்தார்.

“கை கட்டவெரல் ரெண்டையும் சேத்துக் கட்டியாச்சுபா, பொறந்த வூட்டுக் கோடி போட்டதும் தூக்கிடுவாங்க.”