எடைச் சீட்டு

தேனி பஸ் ஸ்டாண்டில் எடை பார்க்கும் மிஷின் வந்ததிலிருந்து, சனிக்கிழமை தவறாமல் ஜெபராணி அதில் ஏறி, விழும் சீட்டை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்து வைப்பாள். தடித்த உடம்பு. பழக்கடைக்காரர்கள் சிரித்தாலும் இறங்கமாட்டாள்.

அன்று பீரோவில் சட்டை தேடிய கணவன் பொன்னுராஜின் கையில் அந்த எடைச் சீட்டுகளின் கட்டு சிக்கியது.

"ஏ ஜெபராணி, எழுபத்தெட்டு, எம்பது, எம்பத்திரண்டு... ஒரு வருசமா ஏறித்தான இருக்கு! வருத்தமா இல்லையா?"

"அம்புட்டா இருக்கு?"

"நீ பாக்கலையா?"

"அந்தப் பக்கத்த நான் எதுக்குப் பாக்குறேன்? திருப்பிப் பாருங்க."

திருப்பினான். 'நீங்கள் திறமைசாலி.' 'உங்கள் சிரிப்பு பிறரைக் கவரும்.' ஒவ்வொரு சீட்டிலும் இப்படி ஒரு வரி.

"இந்த வீட்டுல வேற யாரு எங்கிட்ட இதெல்லாம் சொல்றாக?"

அடுத்த சனிக்கிழமை பொன்னுராஜ் அவளோடு போய்த் தானும் ஏறினான். சீட்டு விழுந்ததும் திருப்பி, சத்தமாகப் படித்தான்.

"'அழகான மனைவி அமைவாள்.' அதான் எப்பவோ அமைஞ்சாச்சே!"

பழக்கடைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவன் பையில் போடப்போன சீட்டை ஜெபராணி பிடுங்கிப் பார்த்தாள்.

'பிரயாணத்தில் கவனம் தேவை' என்றுதான் அச்சாகியிருந்தது.

அந்தச் சீட்டை மட்டும் அவள் பழைய கட்டோடு சேர்க்கவில்லை. பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள்.