பெருக்கல் குறி

"பெருக்கல் குறிதானேன்னு எல்லாரும் கட்டத்துக்கு நடுவுல போட்டுறாதீக. எது யார் ஓட்டுன்னு எனக்குத் தெரியணும்."

முத்துராமலிங்கம் வெள்ளைத் தாளில் ஒரு கட்டம் வரைந்து தூக்கிக் காட்டினார். கீழச்சிவல்பட்டியில் வாடகைக்குப் பிடித்த பெரிய வீட்டின் கூடத்தில் அவர் அணிக் கவுன்சிலர்கள் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மூன்று நாளாக அவர்களுக்கு அங்கேதான் சாப்பாடு, தூக்கம். செல்போன்கள் முத்துராமலிங்கத்தின் பையில் இருந்தன.

மேயரை ஊர் நேராகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஊர் அனுப்பிய கவுன்சிலர்கள் சீட்டில் குறி போட்டு, ரகசிய ஓட்டில் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த ரகசியம்தான் முத்துராமலிங்கத்துக்குப் பிடிக்கவில்லை. பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டுவிட்டதால் மனைவி துர்காதேவியைக் கவுன்சிலராக்கி, மேயருக்கும் நிறுத்தியிருந்தார். எதிரணியில் சினேகா என்ற இளம் வக்கீல். இவர் பக்கம் ஒரே ஒரு ஓட்டுதான் கூடுதல். ஒரு ஆள் கை மாறினாலும் போச்சு.

"ஏகப்பா, ஒனக்கு மேல்மூலை, இடப்பக்கம். முருகப்பா, நீ சின்னதாப் போடு, எறும்பு மாதிரி. கருப்பம்மா, ஒனக்குக் கீழ்மூலை, வலப்பக்கம். எங்க, போட்டுக் காட்டு பாப்போம்."

கருப்பம்மாள் போட்டுக் காட்டினாள். "வாக்குக் குடுத்தா குடுத்ததுதாண்ணே. எனக்கு எதுக்குப் பரீட்சை?"

"ஒனக்குத்தான் முதல்ல வைக்கணும். ஒன் வார்டுலதான கண்மாய் இருக்கு."

சிலர் சிரித்தார்கள். நகரத்துக் குப்பை முழுவதையும் அந்தக் கண்மாய்க் கரையில் கொட்ட முத்துராமலிங்கம் இடம் பார்த்து வைத்திருந்தார். அது வெளியே தெரிவதற்கு முன்பே கருப்பம்மாள் வாக்குக் கொடுத்துவிட்டாள். அவள் மகன் வேலை பார்ப்பதும் முத்துராமலிங்கத்தின் அரிசி மில்லில்தான்.

டீத் தட்டோடு வந்த துர்காதேவி நின்றாள். "ஏங்க, அங்க குப்பையக் கொட்டினா அந்தத் தண்ணிய நம்பி இருக்கவுக என்ன பண்ணுவாக?"

"நீ முதல்ல ஜெயி. யோசிக்கிற வேலைய நான் பாத்துக்கிறேன்."

கூடம் அதிரச் சிரித்தது. துர்காதேவியும் லேசாகச் சிரித்துவிட்டு, மிச்ச டீயைக் கொடுக்கப் போனாள்.

மறுநாள் மத்தியானம் அதே கூடத்தில் யாரும் சிரிக்கவில்லை. சினேகா ஒரே ஓட்டில் மேயராகியிருந்தாள். வாங்கிய சரவெடி பிரிக்காமல் வண்டியிலேயே கிடந்தது.

"எவ்வளவு வாங்குன, கருப்பம்மா?" முத்துராமலிங்கம் வேறு யார் பக்கமும் திரும்பவில்லை.

"என்னத்த வாங்குனேன்? மூணு நாளா ஒங்க சோத்தைத் தின்னேன். அதுலயும் உப்பு இல்ல."

"வாயப் பாரு. கண்மாய்க்குத்தான வயித்தெரிச்சல்? அதான் மாத்திக் குத்திட்ட."

"வயித்தெரிச்சல் இருக்குத்தான். இல்லேன்னு சொல்லல. ஆனா ஒங்களுக்குச் சொன்ன சொல்ல மாத்தல. எண்ணுறப்ப பக்கத்துல நின்னு பாத்தது ஒங்க ஆளுதான? அவரைக் கேளுங்க."

எல்லோரும் ஏகப்பனைப் பார்த்தார்கள்.

"அப்பப் புடிச்சுச் சொல்ல வாயெடுக்கிறேன், நீங்க விட்டாத்தானண்ணே. கீழ்மூலை வந்துச்சு. மதினி பேருக்கு நேராத்தான் வந்துச்சு. எறும்பும் வந்துச்சு. நீங்க சொல்லிக்குடுத்த குறி ஒண்ணு பாக்கியில்லாம சொன்ன எடத்துலயே வந்துச்சு."

"அப்பறம் எப்பிட்றா தோத்தோம்?"

முத்துராமலிங்கத்துக்கு அவன் சொன்னது காதில் ஏறியது, மனதில் ஏறவில்லை. தோல்விக்கு ஒரு ஆள் வேண்டும். எதிரே நிற்பவள் அதற்கு வசதியான ஆள். கேட்க நாதியில்லாதவள் என்று அவர் எப்போதும் நினைத்து வந்தவள்.

"இவன் கண்ணு சரியில்ல. நீதான் குத்திருக்க. நாளையிலேர்ந்து ஒன் மகன் மில்லுப் பக்கம் வரக் கூடாது. இந்த ஊர்ல வேற எவன் வேலை குடுக்குறான்னும் பாக்குறேன்."

அதுவரை சரிக்குச் சரி பேசிய கருப்பம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் மருமகளுக்கு இது நிறைமாசம். சம்பளம் வருவது அந்த மில்லிலிருந்து மட்டும்தான். "சாமி சத்தியமாண்ணே..." என்று ஆரம்பித்தாள்.

அடுப்படி வாசலில் நின்றிருந்த துர்காதேவி ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தாள். கருப்பம்மாளின் தோளைப் பிடித்து அதில் உட்கார வைத்தாள்.

"சத்தியமெல்லாம் பண்ணாதீகக்கா," என்றாள். பிறகு கணவனின் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"அவுக மகனை விட்டுருங்க. அவுக ஓட்டு எனக்குத்தான் விழுந்துச்சு. என் ஓட்டுத்தான் எனக்கு விழல."